பற்களின் நீர்: ஈறு சிகிச்சைக்குப் பின்வரும் கூச்சமும் முன்னோரின் மருந்துப் பெட்டியும்

ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். குளிர்ந்த நீரை வாயில் எடுத்த மாத்திரத்தில் பல்லின் அடியிலிருந்து மின்னல் வெட்டியது போல் ஒரு கூச்சம். சூடான தேநீர் பட்டாலும் அவ்வாறே. வாயைத் திறந்து மூச்சிழுத்தாலும் அவ்வாறே. "நன்றாக இருந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துவிட்டார்கள்" என்பதே அவர் வந்தடையும் முடிவு. வுளூவுக்காக நாளொன்றுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கும் நம் வீடுகளில் இக்குறை இன்னும் உரத்து ஒலிக்கிறது. விளைவு, அடுத்த வாரம் வரச்சொன்ன மருத்துவரிடம் அவர் போவதில்லை. பாதியில் நின்ற சிகிச்சைக்குக் கீழே நோய் தன் வேலையைத் தொடர்கிறது. சில ஆண்டுகளில் பல் ஆடத் தொடங்குகிறது. சொத்தை ஏதுமில்லாத முழுப்பல் ஒருநாள் கையோடு வந்துவிடுகிறது.

மருத்துவரிடம் போகாதவர் போகுமிடம் கடை. அங்கே மிஸ்வாக் குச்சியும் கிராம்பும் வேப்பிலையும் வரைந்த பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. 'மூலிகை' என்னும் சொல் அவருக்கு ஆறுதலளிக்கிறது. மிஸ்வாக்கின் படம் மார்க்கத்தின் முத்திரை போலவே தோன்றுகிறது. அந்தப் பெட்டிக்குள் உண்மையில் கூச்சத்தைத் தணிப்பது எது, தணிக்காதது எது என்று பகுத்தறிய, முஸ்லிம் உலகின் மருத்துவ நூல்கள் நமக்குப் பெரிதும் துணை நிற்கின்றன. விளம்பரங்கள் சொல்லும் விதத்தில் அல்ல. அந்நூல்கள் தாமே சொல்லும் விதத்தில்.

சுரண்டுதலிலிருந்தே தொடங்குவோம். பற்காரையைச் சுரண்டி எடுப்பது நேற்று வந்த நாகரிகம் என்றும், வருமானத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் நம்மில் பலர் எண்ணுகின்றனர். குர்துபா நகரின் அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து, 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கென ஒதுக்கினார். அதில் பல் சுரண்டுவதற்குத் தனியோர் அத்தியாயம் உண்டு. பற்களின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளுக்கு இடையிலும் கரடுமுரடான படலங்கள் படிகின்றன. அவை கறுத்தோ மஞ்சளித்தோ பச்சை படர்ந்தோ போகின்றன. அவற்றின் கேடு ஈறுக்குப் பரவுகிறது என்று அவர் எழுதுகிறார். காரை அழகுக் குறை மட்டுமன்று, ஈறு நோயின் தோற்றுவாய் என்னும் இந்த அறிவே அவருடைய சிகிச்சைக்கு அடிப்படை.

நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். படலம் தெரியும் பல்லையெல்லாம் ஒன்றும் எஞ்சாதவாறு சுரண்ட வேண்டும். ஒரே அமர்வில் முடியாவிட்டால் மறுநாளும், அதற்கடுத்த நாளும் சுரண்டி முடிக்க வேண்டும். பல்லின் உட்புறத்துக்கு ஒரு கருவி, வெளிப்புறத்துக்கு இன்னொன்று, பல்லிடுக்குக்கு வேறொன்று எனப் பதினான்கு சுரண்டிகளின் வடிவங்களை அவர் வரைந்தே காட்டியிருக்கிறார். அந்நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் டோலிடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர். இன்று பல் மருத்துவரின் தட்டில் கிடக்கும் வளைந்த கருவிகளை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இரண்டுக்கும் உறவு இருப்பதை உடனே உணர்வார். 'இன்னொரு நாள் வாருங்கள்' என்று மருத்துவர் சொல்வதும் பணம் பறிக்கும் தந்திரமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட நடைமுறை.

சுரண்டிய பின் ஏன் கூசுகிறது? பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் என்னும் கடினமான கவசம் உண்டு. ஈறுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதிக்கு அது கிடையாது. மெல்லிய உறையொன்றே உண்டு. அதனடியில் டென்டின் என்னும் பகுதி. அது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களால் ஆனது. ஒரு சதுர மில்லிமீட்டரில் அவை பல்லாயிரம். ஈறு நோயுற்றவருக்குக் காரையும் வீங்கிய ஈறும் சேர்ந்து அந்த வேரை மூடிக்கொண்டிருந்தன. மூடியிருந்தது நோய்தான், ஆயினும் அது ஒரு போர்வையாகவும் இருந்தது. காரை நீங்கி, வீக்கம் வடிந்து, ஈறு தன் இயல்பான அளவுக்குச் சுருங்கும்போது வேர் வெளிச்சத்துக்கு வருகிறது. ஆகவே கூச்சம் பெரும்பாலும் பல் கெட்டதன் அடையாளமன்று. போர்வை விலகியதன் அடையாளம். பலருக்கு முதற்சில நாட்கள் கடுமையாக இருந்து, சில வாரங்களில் அது தணிந்துவிடுகிறது.

அந்த நுண்குழாய்களில் நீர்மம் நிரம்பியிருக்கிறது. குளிரோ வெப்பமோ காற்றோ பட்டால் அந்நீர்மம் அசைகிறது. அசைவு உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுகிறது. 1900இல் சூரிச் நகரின் கைஸி இதை ஊகித்தார். 1960களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் சோதனைகளால் நிலைநாட்டினார். இன்றைய கூச்ச மருந்துகள் அனைத்தும் இந்த விளக்கத்தைச் சுற்றியே அமைந்தவை: ஒன்று, குழாயின் வாயை அடைக்க வேண்டும், அல்லது நரம்பை அமைதிப்படுத்த வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இதை நினைவில் இருத்திக்கொண்டு பழைய நூல்களுக்குத் திரும்புவோம்.

இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் பல்லின் நோய்களைத் தனித்தனியே பிரித்துப் பேசுகிறார். பல்வலி ஒன்று, பல் ஆட்டம் வேறொன்று. இவற்றோடு, நாம் இன்று 'கூச்சம்' என்று ஒரே சொல்லால் குறிப்பதை அவர் இரண்டாகப் பகுத்தார். புளிப்பைக் கடித்தபின் பல் மரத்துக் கூசுவது 'ளரஸ்'. குளிரையோ சூட்டையோ கடினமான பொருளையோ பல் தாங்காத நிலை மற்றொன்று. அதற்கு அவர் காலத்து மருத்துவர் இட்ட பெயர் 'பற்களின் நீர் போய்விடுதல்'. பற்களைப் பேணும் வழிகளைக் கூறும் இடத்திலும் இதே சொல்லாட்சி வருகிறது. மிஸ்வாக்கை நடுநிலையோடு பயன்படுத்தினால் பல் துலங்கும், ஈறு வலுப்படும். அளவு கடந்து தேய்த்தாலோ பல்லின் ஒளியும் நீரும் போய்விடும் என்று அவர் எச்சரிக்கிறார். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும்போதும் இடைச்சதை புண்படும் அளவுக்குப் போகலாகாது என்கிறார். மிகச் சூடான உணவுக்குப் பின் மிகக் குளிர்ந்ததையும், குளிர்ந்ததற்குப் பின் சூடானதையும் தவிர்க்கச் சொல்கிறார்.

இவ்விடத்தில் ஒரு நிதானம் தேவை. 'நீர்' என்னும் சொல்லைக் கண்டதும், நுண்குழாய் நீர்மத்தை இப்னு சீனா அன்றே கண்டறிந்துவிட்டார் என்று முழங்கும் கட்டுரைகள் நாளையே வெளிவரக்கூடும். அவர் பேசிய நீர், யூனானி மருத்துவத்தின் ஈரம், வறட்சி என்னும் கோட்பாட்டிலிருந்து வந்தது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் நுண்குழாயை எவரும் கண்டதில்லை. அதே நூலில், பல்லுக்குள் இருக்கும் புழுவை வெளியேற்றக் குரோசாணி ஓம விதையைப் புகையாக்கும் முறையும் இடம்பெற்றிருக்கிறது. பல்லில் புழு இல்லை என்று 1728இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபோஷார் எழுதிய பின்னரும், நம் ஊர்ச் சந்தைகளில் புகை போட்டுப் 'பல் பூச்சி' எடுப்பவர்கள் மறைந்துவிடவில்லை. முன்னோரை மதிப்பது என்பது அவர்கள் கூர்ந்து கண்டதை மதிப்பது. அளவுமீறித் தேய்த்த பல் குளிரைத் தாங்காது என்பதை இப்னு சீனா நோயாளிகளிடம் கண்டார், சரியாகவே கண்டார். அதற்குமேல் அவர்மீது ஏற்றுவது அவருக்கும் நீதியன்று, அறிவியலுக்கும் நீதியன்று.

'ளரஸ்' என்னும் கூச்சத்துக்குப் பழைய நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மருந்து ஒரு கீரை. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் அதைச் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அவருடைய நூல் அரபுக்கு வந்தபோது அம்மருந்தும் உடன்வந்தது. இப்னு சீனாவும் அதை ஏற்றார். நாம் பருப்புடன் சேர்த்துக் கடையும் பருப்புக்கீரைதான் அது. அரபியர் அதை 'முட்டாள் கீரை' என்றனர். வெள்ளம் வந்தால் அடித்துச் செல்லும் ஓடைப்பாதையிலேயே போய் முளைக்கிறதாம், அதனால் அப்பெயர். இதை மெல்லும்போது அதன் வழவழப்பு பல்லின் சொரசொரப்பை மென்மையாக்குகிறது என்பது அக்கால விளக்கம்.

இக்கால வேதியியல் இதில் இன்னொன்றைக் காண்கிறது. பருப்புக்கீரையில் ஆக்சலேட் மிகுதி. ஆக்சலேட் பல்லின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் கரையாத நுண்படிகங்களாக மாறி, குழாயின் வாயை அடைக்கவல்லது; பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கூச்சம் நீக்கும் பூச்சுகளில் ஆக்சலேட் உப்புகளும் உண்டு. மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் பாலக் கீரையின் சாறு சேர்க்கப்படுவதும் இதே காரணத்துக்காகவே. இதனால், கீரையை மென்றால் ஈறு சிகிச்சையின் கூச்சம் போய்விடும் என்று யாரும் கொள்ளவேண்டாம். மெல்லும் கீரை சில கணங்களே பல்லோடு உறவாடுகிறது. பழைய மருத்துவர் அதைப் பரிந்துரைத்ததும் புளிப்பால் வந்த கூச்சத்துக்கே. ஆயினும் 'மூலிகை' என்னும் சொல்லுக்குள் சில வேளைகளில் இப்படி ஒரு பொருளும் ஒளிந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இதைவிட வியப்பானது வெடியுப்பின் கதை. மலகா நகரில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களைத் தொகுத்த தம் நூலில், 'சீனத்துப் பனி' என்றும் மேற்குநாடுகளில் 'பாரூத்' என்றும் வழங்கிய ஓர் உப்பைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் பீரங்கிகளை இயக்கியது அந்த உப்பே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அதற்காகவே ஐரோப்பியக் கம்பெனிகள் பீகாரை மொய்த்தன. நம் மொழியிலும் அந்தக் கலவைக்கு 'வெடிமருந்து' என்றே பெயர். அந்த மருந்து பல்லுக்கும் மருந்தாகும் என்பது 1974இல்தான் தெரியவந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ், பொட்டாசியம் நைட்ரேட் பல் கூச்சத்தைத் தணிக்கிறது என்று தம் நாட்டுப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் எழுதினார். அதன் பொட்டாசியம் நுண்குழாய் வழியே ஊடுருவி, நரம்பு எளிதில் தூண்டப்படாதவாறு செய்கிறது என்பது இன்று ஏற்கப்படும் விளக்கம். அதற்குமுன் 1961இல் வந்த முதல் கூச்சப் பற்பசைகளில் ஒன்று ஸ்ட்ரான்ஷியம் குளோரைடைக் கொண்டிருந்தது. சென்சோடைன் என்னும் பெயர் அதனால்தான் பரவியது.

'இரசாயனம் இல்லாதது' என்று நம்பி வாங்கும் மூலிகைக் கூச்சப் பற்பசை சிலவற்றின் பொருட்பட்டியலில் 'சூரியக்ஷாரம்' என்றொரு வடமொழிப் பெயர் காணப்படும். அது வேறொன்றுமன்று, இதே வெடியுப்பு. மூலிகை இல்லாத பற்பசையிலும் அதே உப்பு, 'பொட்டாசியம் நைட்ரேட் 5%' என்னும் பெயரில். பெயரை மாற்றிப் போட்டதில் நமக்கு மாறுபாடு இல்லை. இயற்கையிலும் கிடைக்கும் உப்புதான் அது. ஆனால் இரண்டையும் எதிரிகளாக நிறுத்தி விற்பதில்தான் நேர்மைக் குறைவு இருக்கிறது.

ஏனைய மூலிகைகளுக்கும் ஒரு சொல். கிராம்பில் உள்ள யூஜினால் சற்றுநேரம் மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவமும் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் கலக்காத கிராம்பு எண்ணெயைச் சுரண்டிய ஈற்றில் வைத்தால் சதை வெந்துபோகும். மாசிக்காய், கடுக்காய், கருவேலம்பட்டை ஆகியவற்றின் துவர்ப்பு ஈற்றை இறுக்கி இரத்தக் கசிவைக் குறைக்கக்கூடியது. நாட்டுமருந்துக் கடையின் மாசிக்காய் ஒருகாலத்தில் அலெப்போ நகரின் புகழ்பெற்ற ஏற்றுமதிப் பொருள். ஆக இவை ஈற்றுக்கு உதவலாம். ஆயினும் வேரின் கூச்சத்துக்கு நேரான மருந்தல்ல. காவிக்கல் தூள் கலந்த சிவப்புப் பல்பொடி, கரித்தூள், உமிச்சாம்பல், உப்பு ஆகியவற்றை ஈறு சிகிச்சை பெற்றவர் அறவே தொடலாகாது. எனாமல் இல்லாத வேரை அவை அராவிவிடும். இருக்கும் கூச்சம் இரட்டிக்கும்.

இனி மிஸ்வாக். சங்கப் பாலைத்திணைப் பாடல்களில் வரும் 'உகாய்' மரத்தைத் தாவர அறிஞர்கள் மிஸ்வாக் மரமென்றே அடையாளம் காண்கின்றனர். ஆக இம்மரம் நமக்கு அயலதன்று. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கக் கட்டளையிட்டிருப்பேன் என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பல் துலக்கலின் சிறப்பைச் சொல்ல இந்த ஹதீஸை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். சிரமத்தை முன்னிட்டுக் கட்டாயமாக்காமல் விட்டார்கள் என்னும் அதன் மறுபாதியையும் புண்ணான ஈற்றோடு இருப்பவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டும்.

ஃபிக்ஹு அறிஞர்கள் இதில் எத்துணை நுட்பமாகப் பேசியிருக்கிறார்கள்! நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்), புண்படுத்தும் அளவுக்குக் காய்ந்த குச்சியும் வேண்டாம், அழுக்கை எடுக்காத அளவுக்கு ஈரமான குச்சியும் வேண்டாம் என்கிறார். பற்சதையில் இரத்தம் வராதிருக்க, மேலும் கீழுமாக இழுக்காமல் பல்லின் அகலவாக்கில் துலக்கச் சொல்கிறார். அழுக்கை நீக்கும் சொரசொரப்பான எப்பொருளாலும் சுன்னத் நிறைவேறும் என்பதும் அவர் தரும் விளக்கமே. அப்படியானால் மென்மையான தூரிகையால் துலக்குகிறவர் சுன்னத்தை விட்டவராக மாட்டார். அகலவாக்கில் துலக்குவதில் மட்டும் இன்றைய பல் மருத்துவர் வேறுபடுவார். ஈற்றோரத்தில் தூரிகையைச் சாய்த்து, சிறு அசைவுகளால் துலக்கச் சொல்வார். ஈறு காயப்படலாகாது என்னும் நோக்கம் இருவருக்கும் ஒன்றே.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மிஸ்வாக்கைப் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கருத்தொருமை அறிக்கையோ கூடுதல் ஆய்வு தேவை என்றது. முதலாவதை மட்டும் அச்சிடும் விளம்பரங்களே அதிகம். அழுக்குப் படலத்தைக் குறைப்பதில் மிஸ்வாக் வல்லது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. வன்மையாகத் தேய்ப்போருக்கு ஈறு கீழிறங்குவதையும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஈறு இறங்கினால் வேர் தெரியும், வேர் தெரிந்தால் கூசும். எனவே சிகிச்சைக்குப் பின்னுள்ள வாரங்களில் குச்சியை ஒதுக்கிவைத்து, மருத்துவர் அனுமதித்த பின் நன்கு ஊறவைத்து மெல்லிய நாராக்கிப் பயன்படுத்துவதே தக்கது. மிஸ்வாக் சாறு கலந்த பற்பசையைப் பொறுத்தவரை, அதன் உறையில் கூச்சத்துக்கான பொருள் எதுவும் குறிக்கப்படவில்லையெனில் அது கூச்சத்துக்கான பற்பசை அன்று. குச்சியின் படம் மருந்தாகாது.

கடையில் நிற்பவர் பெட்டியின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். பொட்டாசியம் நைட்ரேட் அல்லது சூரியக்ஷாரம், ஸ்ட்ரான்ஷியம், அர்ஜினின், ஸ்டானஸ் ஃபுளோரைடு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்கிறதா என்று தேடட்டும். வெளிப்பட்ட வேர் எளிதில் சொத்தையாகும் என்பதால் ஃபுளோரைடு இருப்பது நல்லது. மூலிகைப் பற்பசை பலவற்றில் அது இருப்பதில்லை. கிளிசரின் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். ஐயமுள்ளவர் தாவரக் கிளிசரின் எனக் குறிப்பிட்டதையோ ஹலால் முத்திரை உள்ளதையோ தேர்ந்துகொள்ளலாம்.

இப்பசைகள் ஒரே நாளில் பயன் தருவன அல்ல. பொட்டாசியம் கலந்தவை நாளுக்கு இருமுறை தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் தம் வேலையைக் காட்டும். மூன்றாம் நாளே மாற்றிவிட்டால் எந்தப் பசையும் உதவாது. துலக்கியபின் அதிக நீரால் கொப்பளிக்காமல் துப்பிவிட்டு விடுவது நலம். அந்நாட்களில் வுளூவுக்கு வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. எலுமிச்சை, புளி, குளிர்பானம் ஆகியவற்றையும், அவற்றைப் பருகிய உடனே பல் துலக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

எல்லாப் பற்களும் பொதுவாகக் கூசுவது ஒன்று. ஒரே பல் விண்ணென்று தெறிப்பது வேறொன்று. குளிர் நீங்கிய பின்னும் வலி நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாகவே துடித்தாலோ, ஈறு வீங்கிச் சீழ் கசிந்தாலோ அது பற்பசையால் தீரும் கூச்சமன்று. பற்பசையைப் பூசிக்கொண்டு காத்திருப்பது நோய்க்கு அவகாசம் தருவதாகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும் என்பதால் அவர்கள் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ரமளான் மாதத்தில் சிகிச்சை பெறுவோர் பலர் பற்பசையை அறவே நிறுத்திவிடுகின்றனர். ஸஹர் முடியும்முன் ஒருமுறை, தராவீஹுக்குப் பின் உறங்கப் போகும்போது ஒருமுறை எனத் துலக்கினால், மருத்துவர் சொன்ன இருமுறைக் கணக்கும் நிறைவேறிவிடும்; நோன்பு நேரத்தில் பசையைத் தொடவேண்டிய தேவையும் வராது. நண்பகலுக்குப் பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வதை ஷாஃபி மத்ஹபு விரும்பவில்லை. ஹனஃபி மத்ஹபு அனுமதிக்கிறது. காரை சுரண்டும் அமர்வில் கருவியிலிருந்து நீர் பீய்ச்சப்படும், இரத்தமும் கசியும். அவை தொண்டைக்குள் இறங்கக்கூடும். ஆகையால் இரண்டாம் அமர்வு ரமளானுக்குள் விழுமானால், அதை நிறுத்திவிடாமல் நோன்பு திறந்தபின் மாலை நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.